நைல் நாடும் நொய்யல் ஊரும்

எகிப்தில் தண்ணீர் குறைந்தால் ரொட்டிக்குப் பஞ்சம். கால்வாயில் கப்பல் குறைந்தால் கஜானாவுக்குப் பஞ்சம். அந்தக் கால்வாய் அடைபட்டால் திருப்பூரில் ஓவர் டைம் போய்விடும்!

திருப்பூருக்குப் பக்கத்தில் இருக்கிறது மங்கலம். நொய்யல் ஆற்றின் கரை ஊர்.

இங்கே விசைத்தறிகள் கூலிக்கு ஓடுகின்றன. காடாத் துணி நெய்கிறார்கள். வீட்டில் ஒருவர் தறிக்குப் போனால் இன்னொருவர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறார். சனிக்கிழமை சம்பளம். அதை நம்பித்தான் மளிகைக் கடைப் பாக்கி, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், சீட்டுப் பணம் எல்லாம்.

பனியன் கம்பெனியில் வெட்டித் தைத்து, அயர்ன் போட்டு, அட்டைப் பெட்டியில் அடுக்கிய சரக்கு எங்கே போகிறது?

லாரியில் ஏறித் தூத்துக்குடிக்குப் போகிறது. அங்கிருந்து கப்பல். பெரும்பாலும் கொழும்புத் துறைமுகத்தில் பெரிய கப்பலுக்கு மாறுகிறது. பிறகு அரபிக் கடல், ஏடன் வளைகுடா, செங்கடல். அதைத் தாண்டினால்தான் ஐரோப்பா.

செங்கடலின் வடக்கு முனையில் கப்பல் நின்றுவிட வேண்டியதுதான். ஏனென்றால் அதற்கு மேல் கடல் இல்லை. நிலம்!

அந்த நிலத்தை வெட்டி வழி செய்திருக்கிறார்கள். அதுதான் சூயஸ் கால்வாய். அது இருக்கும் நாடு எகிப்து.

மங்கலத்தில் இருப்பவர் எகிப்தைப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் அவர் வீட்டு அடுப்புக்கும் அந்த நாட்டுக்கும் தொடர்பு உண்டு. இன்று நேற்று அல்ல, 2,000 ஆண்டுகளாக உண்டு!

எங்கே இருக்கிறது?

ஆப்பிரிக்காக் கண்டத்தின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது எகிப்து. அரபு மொழி பேசும் நாடுகளில் மக்கள்தொகை மிகுந்த நாடு இதுதான். 10 கோடிக்கும் மேற்பட்டவர்கள் அங்கே வாழ்கிறார்கள். எகிப்து மக்கள் தங்கள் நாட்டை "மிஸ்ர்" என்று அழைக்கிறார்கள்.

வடக்கே மத்திய தரைக்கடல். கிழக்கே செங்கடல். மேற்கே லிபியா. தெற்கே சூடான். வடகிழக்கு மூலையில் இஸ்ரேலும் காசாவும்.

கால்வாய்க்குக் கிழக்கே சினாய் என்ற முக்கோண நிலம் இருக்கிறது. அது ஆசியாவைச் சேர்ந்தது. ஆக, எகிப்துக்கு ஒரு கால் ஆப்பிரிக்காவில், ஒரு கால் ஆசியாவில்!

பரப்பளவைப் பார்த்தால் தமிழ்நாட்டைப் போல 7 மடங்குக்கும் மேல். அவ்வளவு பெரிய நாடு. ஆனால் ஆள் குடியிருக்கும் இடம் எவ்வளவு தெரியுமா?

100 ஏக்கரில் 5 ஏக்கர் அளவுதான்! மீதியெல்லாம் பாலைவனம். தலைநகரான கெய்ரோவில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைச் சேர்த்தால் ஓர் அங்குலம் வரும்.

மழை இல்லாத நாட்டில் 10 கோடிப் பேர் எப்படிப் பிழைக்கிறார்கள்?

ஒரே ஓர் ஆறு

அதற்கு விடை நைல் நதி. அதன் நீளம் சுமார் 4,130 மைல்.

நைலுக்கு இரண்டு தாய்மார். ஒன்று வெள்ளை நைல். அது விக்டோரியா ஏரிப் பக்கமிருந்து வருகிறது. இன்னொன்று நீல நைல். அது எத்தியோப்பியா நாட்டு மலைகளில் இருந்து இறங்குகிறது. சூடான் தலைநகரான கார்ட்டூமில் இரண்டும் சேருகின்றன.

சேர்ந்த ஆறு வடக்கு நோக்கி ஓடுகிறது. அதனால் எகிப்தில் தெற்குப் பகுதிக்கு "மேல் எகிப்து" என்று பெயர். வடக்குப் பகுதிக்குக் "கீழ் எகிப்து" என்று பெயர். கொங்கு நாட்டில் மேற்கே மேடு, கிழக்கே பள்ளம். அங்கே தெற்கே மேடு, வடக்கே பள்ளம். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒவ்வோர் ஆண்டும் கோடையில் எத்தியோப்பிய மலைகளில் மழை கொட்டும். நைலில் வெள்ளம் வரும். கரையெல்லாம் வண்டல் படியும். வெள்ளம் வடிந்ததும் அந்த ஈரத்தில் விதைப்பார்கள். 5,000 ஆண்டுகள் இப்படித்தான் அந்த நாடு சாப்பிட்டது.

கூடவும் கூடாது, குறையவும் கூடாது. வெள்ளம் அதிகமானால் வீடு போகும். வெள்ளம் வராவிட்டால் பஞ்சம். காவிரிக் கரை விவசாயிக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பிரமிடு கட்டியவர்கள்

நைல் தந்த விளைச்சலால் பெரிய அரசுகள் தோன்றின. மன்னர்களுக்குப் "பாரோ" என்று பெயர். கெய்ரோவுக்குப் பக்கத்தில் கீசா என்ற இடத்தில் பிரமிடுகள் நிற்கின்றன. அவற்றில் மிகப் பெரியது கூபு மன்னனின் சமாதி. கட்டி 4,500 ஆண்டுகள் ஆகின்றன. கட்டியபோது அதன் உயரம் சுமார் 481 அடி.

கி.மு. 332இல் கிரேக்க வீரன் அலெக்சாண்டர் எகிப்தைப் பிடித்தான். தன் பெயரில் அலெக்சாண்டிரியா என்ற துறைமுகத்தை உண்டாக்கினான். அவனுக்குப் பின் கிரேக்க வம்சம் ஆண்டது. அதன் கடைசி அரசி கிளியோபாத்ரா. கி.மு. 30இல் அவள் இறந்தாள். எகிப்து ரோமாபுரிக்கு அடிமையானது.

இங்கேதான் நம் ஊர் கதைக்குள் வருகிறது!

ஆடிக் காற்றில் வந்த கப்பல்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்தக் காற்றை நம்பித்தான் எகிப்துக் கப்பல்கள் புறப்பட்டன.

செங்கடல் கரையில் இருந்த பெரெனிகே, மியோஸ் ஹார்மோஸ் என்ற துறைமுகங்களில் இருந்து ஜூலை மாதம் கப்பல்கள் கிளம்பும். தென்மேற்குப் பருவக் காற்று அவற்றைச் சேர நாட்டின் முசிறித் துறைமுகத்துக்குத் தள்ளிக்கொண்டு வரும். சரக்கு ஏற்றிக்கொண்டு, காற்று திரும்பியதும் மார்கழி வாக்கில் திரும்பிப் போகும்.

முசிறியில் இருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவை. அங்கிருந்து நொய்யல் கரையோரமாகக் கரூர். இது பழைய வணிகப் பாதை. நொய்யல் கரையில் உள்ள வெள்ளலூரில் ரோமானிய நாணயங்கள் புதையலாகக் கிடைத்தன. அதே நொய்யல் கரையில் கிழக்கே போனால் கொடுமணல். சங்க நூலான பதிற்றுப்பத்தில் "கொடுமணம்" என்று வரும் ஊர் இதுதான் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். அங்கே மணி செய்யும் தொழில் பெரிய அளவில் நடந்ததை அகழாய்வு காட்டியிருக்கிறது. காங்கேயம் பக்கத்துப் படியூரில் கிடைத்த பச்சைக் கல்லை ரோமானியர் மிகவும் விரும்பினார்கள்.

இது ஒரு பக்கம். மறு பக்கம் எகிப்தில் என்ன கிடைத்தது?

மியோஸ் ஹார்மோஸ் இருந்த குசேர் அல் கதீம் என்ற இடத்தில் பானை ஓடுகள் கிடைத்தன. அவற்றில் பழைய தமிழ் எழுத்து! ஒன்றில் "சாதன்" என்ற பெயர். இன்னொன்றில் "பானை ஒறி". பானையைத் தொங்கவிடும் உறி அல்லவா, அதேதான். பெரெனிகேயில் ஒரு கோயில் இடிபாட்டில், இந்தியத் தாழி ஒன்றுக்குள் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது!

அன்று மிளகும் மணியும் துணியும் போயின. அங்கிருந்து பொன்னும் மதுவும் வந்தன. ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயம் இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று பிளினி என்ற ரோமானிய அறிஞர் அப்போதே அங்கலாய்த்தார்.

அன்று எகிப்தில் இறங்கிய சரக்கு ஒட்டகத்தில் ஏறி நைல் நதிக்குப் போகும். படகில் அலெக்சாண்டிரியா போகும். மீண்டும் கப்பலேறி ரோமாபுரி போகும். நடுவில் இருந்த நிலத்தைக் கடக்கத்தான் அத்தனை பாடு.

அரபு நாடானது எப்படி?

கி.பி. 639இல் அம்ர் இப்னு அல் ஆஸ் என்ற அரபுத் தளபதி படையோடு வந்தார். இரண்டு மூன்று ஆண்டுகளில் எகிப்து அரபியர் கைக்கு மாறியது. நாளடைவில் மக்கள் அரபு மொழி பேசினார்கள். பெரும்பாலோர் இஸ்லாத்தைத் தழுவினார்கள். பழைய கிறிஸ்தவர்களான காப்டிக் மக்களும் இன்றுவரை அங்கே வாழ்கிறார்கள்.

கி.பி. 969இல் கெய்ரோ நகரம் எழுந்தது. அதை ஒட்டி அல் அஸ்கர் பள்ளிவாசலும் கல்விக்கூடமும் உண்டாயின. உலகில் மிகப் பழைய கல்விச் சாலைகளில் அதுவும் ஒன்று. இஸ்லாமிய மார்க்கக் கல்வியில் இன்றும் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

1517இல் துருக்கியர் வந்தார்கள். 1798இல் பிரெஞ்சுத் தளபதி நெப்போலியன் வந்தான். 1805இல் முகமது அலி என்பவர் ஆட்சியைப் பிடித்தார். அவர் கொண்டுவந்த ஒரு பயிர் எகிப்தின் தலையெழுத்தையே மாற்றியது.

அது என்ன பயிர்? பருத்தி!

பஞ்சு தந்த பணம், பணம் தந்த கடன்

எகிப்துப் பருத்தியின் இழை நீளமானது. மெல்லிய நூல் நூற்க ஏற்றது. இன்றும் அதை அதிகமாக வாங்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தது. அமெரிக்கப் பஞ்சு வரவில்லை. இங்கிலாந்து ஆலைகள் தவித்தன. எகிப்துப் பருத்திக்கும் இந்தியப் பருத்திக்கும் விலை தாறுமாறாக ஏறியது. எகிப்தில் பணம் கொழித்தது.

ஆட்சியில் இருந்த இஸ்மாயில் இந்த விலை என்றும் இருக்கும் என்று நம்பினார். ரயில், மாளிகை, நகரம் என்று கடன் வாங்கிக் கட்டினார். போர் முடிந்தது. பஞ்சு விலை விழுந்தது. கடன் மட்டும் நின்றது!

ஆர்டர் குவிந்த ஆண்டில் கடன் வாங்கி மெஷின் போட்டு, அடுத்த ஆண்டு ஆர்டர் இல்லாமல் வட்டி கட்டியவர்கள் திருப்பூரிலும் உண்டு. இஸ்மாயிலின் கஷ்டம் அவர்களுக்குப் புரியும்.

கால்வாய் பிறந்தது

இந்தக் காலத்தில்தான் சூயஸ் கால்வாயும் வெட்டப்பட்டது. பிரான்சைச் சேர்ந்த லெசெப்ஸ் என்பவர் முன்னின்று நடத்தினார். 1859 ஏப்ரலில் வேலை தொடங்கியது. முதல் சில ஆண்டுகள் ஏழை விவசாயிகளைக் கட்டாயமாகப் பிடித்து வந்து தோண்ட வைத்தார்கள். பலர் மாண்டனர். 1869 நவம்பர் 17 அன்று கால்வாய் திறக்கப்பட்டது.

இன்று அதன் நீளம் சுமார் 120 மைல். பம்பாயில் இருந்து லண்டன் போகும் கப்பலுக்கு 4,000 மைலுக்கும் மேல் மிச்சமானது. இல்லாவிட்டால் ஆப்பிரிக்காவின் தென்முனையில் உள்ள நன்னம்பிக்கை முனையைச் சுற்றித்தான் போக வேண்டும்.

ஆனால் கால்வாய் எகிப்தின் கையில் நிலைத்ததா? இல்லை. கடனில் மூழ்கிய இஸ்மாயில் 1875இல் தன் பங்குகளை இங்கிலாந்துக்கு விற்றுவிட்டார். விலை சுமார் 40 லட்சம் பவுன். 1876இல் நாடு திவாலானது. 1882இல் ஆங்கிலப் படை இறங்கியது. கடன் கொடுத்தவன் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த கதை இது!

1922இல் பெயருக்குச் சுதந்திரம் கிடைத்தது. ஆனால் கால்வாய்ப் பகுதியில் ஆங்கிலப் படை நின்றது. கால்வாய் வருமானமும் பெரும்பாலும் வெளியே போனது.

நாசர் போட்ட குண்டு

1952 ஜூலை 23 அன்று ராணுவ அதிகாரிகள் புரட்சி செய்தார்கள். மன்னர் பாரூக் முடி துறந்து கப்பலேறினார். சில ஆண்டுகளில் கர்னல் நாசர் ஜனாதிபதி ஆனார்.

நைல் நதியின் குறுக்கே அஸ்வானில் பெரிய அணை கட்ட நாசர் விரும்பினார். கடன் தருவதாகச் சொன்ன அமெரிக்காவும் இங்கிலாந்தும் 1956 ஜூலையில் கையை விரித்தன.

ஒரே வாரம். ஜூலை 26 அன்று அலெக்சாண்டிரியாப் பொதுக்கூட்டத்தில் நாசர் ஒரு குண்டைப் போட்டார். சூயஸ் கால்வாய் இனி எகிப்தின் நாட்டுடைமை! அந்த வருமானத்தில் அணை கட்டுவோம்!

இங்கிலாந்தும் பிரான்சும் கொதித்தன. அக்டோபர் 29 அன்று இஸ்ரேல் படை சினாயில் புகுந்தது. அடுத்து ஆங்கில, பிரெஞ்சு விமானங்கள் குண்டு வீசின. இந்தியப் பிரதமர் நேரு இதைக் கடுமையாகக் கண்டித்தார். அமெரிக்காவும் ரஷியாவும் எதிர்த்தன. ஆண்டு முடிவதற்குள் ஆங்கில, பிரெஞ்சுப் படைகள் வெளியேறின. ஐ.நா. அமைதிப் படையில் இந்திய வீரர்களும் எகிப்து மண்ணில் காவல் நின்றார்கள்.

நேரு, நாசர், யூகோஸ்லாவியாவின் டிட்டோ ஆகியோர் சேர்ந்து வளர்த்ததுதான் அணிசேரா நாடுகளின் இயக்கம். அதன் முதல் மாநாடு 1961இல் பெல்கிரேடில் நடந்தது.

அஸ்வான் அணையும் எழுந்தது. ரஷியா உதவியது. 1960இல் தொடங்கி 1970இல் முடிந்தது. மின்சாரம் வந்தது. ஆண்டு முழுவதும் பாசனம் கிடைத்தது. ஆனால் வண்டல் நின்றது, உரம் வாங்க வேண்டியதாயிற்று. அணை நீரில் ஊர்கள் மூழ்கியதால் நூபியா மக்கள் குடிபெயர்ந்தார்கள். நன்மையும் உண்டு, நட்டமும் உண்டு.

எட்டு ஆண்டுப் பூட்டு

1967 ஜூனில் இஸ்ரேலுடன் மீண்டும் போர். எகிப்து தோற்றது. சினாய் பறிபோனது. கால்வாயின் கிழக்குக் கரையில் இஸ்ரேல் படை, மேற்குக் கரையில் எகிப்துப் படை. நடுவே கப்பல் எப்படிப் போகும்? கால்வாய் மூடப்பட்டது.

ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. 8 ஆண்டுகள்! 1975 ஜூன் 5 அன்றுதான் திறந்தது.

நாசர் 1970இல் மறைந்தார். அடுத்து வந்த சதாத் 1973இல் போர் தொடுத்தார். பிறகு 1979இல் இஸ்ரேலோடு சமாதான ஒப்பந்தம் செய்தார். சினாய் திரும்பக் கிடைத்தது. ஆனால் 1981 அக்டோபர் 6 அன்று ராணுவ அணிவகுப்பிலேயே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அடுத்த 30 ஆண்டுகள் முபாரக் ஆட்சி.

ஆலை ஊரில் பிடித்த தீ

எகிப்திலும் ஒரு திருப்பூர் உண்டு. மகல்லா அல் குப்ரா என்று பெயர். நைல் கழிமுகத்தில் இருக்கிறது. தலாத் கர்ப் என்பவர் 1920இல் நாட்டு மக்களின் பணத்தில் மிஸ்ர் வங்கி தொடங்கினார். அந்த வங்கி 1927இல் மகல்லாவில் பெரிய பஞ்சாலையைத் தொடங்கியது. உள்நாட்டுப் பஞ்சை உள்நாட்டிலேயே நூற்று நெய்ய வேண்டும் என்பது நோக்கம். கதர் காலத்து இந்தியாவுக்கு இது புதிய கருத்து அல்ல.

2006 டிசம்பரில் அந்த ஆலைத் தொழிலாளர்கள் போனஸ் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். 20,000க்கும் மேற்பட்டவர்கள்! பெண்களும் முன்னால் நின்றார்கள். 2008 ஏப்ரல் 6 அன்று விலைவாசி உயர்வை எதிர்த்து மகல்லாவில் மீண்டும் கலகம். அந்தத் தேதியையே பெயராக வைத்து இளைஞர்கள் ஓர் இயக்கம் தொடங்கினார்கள்.

அந்த இளைஞர்களும் சேர்ந்துதான் 2011 ஜனவரி 25 அன்று கெய்ரோவின் தஹ்ரிர் சதுக்கத்தில் கூடினார்கள். 18 நாளில் முபாரக் பதவி விலகினார்.

2012இல் நடந்த தேர்தலில் மோர்சி ஜனாதிபதி ஆனார். ஓராண்டில் அவரை எதிர்த்தும் கூட்டம் கூடியது. 2013 ஜூலை 3 அன்று ராணுவம் அவரை நீக்கியது. ராணுவத் தளபதி சிசி 2014இல் ஜனாதிபதி ஆனார். 2023 ஜனவரியில் டெல்லிக் குடியரசு தின விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வந்தவர் அவர்தான்.

ரொட்டி அரசியல்

ஜனாதிபதி யாராக இருந்தாலும் எகிப்தில் ஒரு பொருளைத் தொட அஞ்சுவார். அது ரொட்டி.

இங்கே ரேஷன் அரிசி போல அங்கே அரசு மலிவு விலையில் ரொட்டி தருகிறது. 6 கோடிக்கும் மேற்பட்டவர்கள் வாங்குகிறார்கள். 1977இல் விலையை ஏற்ற முயன்றதும் பெரிய கலவரம் வெடித்தது. சதாத் உத்தரவைத் திரும்பப் பெற்றார்.

பல்லாண்டுகளாக ஒரு ரொட்டி 5 பியாஸ்டர்தான். 100 பியாஸ்டர் சேர்ந்தால் ஒரு எகிப்து பவுன். 2024 ஜூன் மாதம் அது 20 பியாஸ்டர் ஆனது. ஒரே நாளில் 4 மடங்கு!

ஏன்? கோதுமை வெளிநாட்டில் இருந்து வருகிறது. உலகில் மிக அதிகமாகக் கோதுமை வாங்கும் நாடுகளில் எகிப்தும் ஒன்று. அதற்கு டாலர் கொடுக்க வேண்டும். 2024 மார்ச்சில் எகிப்து நாணயத்தின் மதிப்பு சரிந்தது. ஒரு டாலருக்கு 31 பவுன் என்றிருந்தது, ஏறத்தாழ 50 பவுன் ஆனது.

டாலர் சம்பாதித்துத் தரும் கால்வாயோ அதே நேரத்தில் படுத்துவிட்டது. எப்படி?

கண்ணீர் வாசல்

செங்கடலின் தெற்கு முனை குறுகலானது. சுமார் 18 மைல் அகலம். பாபல் மண்டப் என்று பெயர். அரபு மொழியில் "கண்ணீர் வாசல்" என்று பொருள். ஒரு கரையில் ஏமன் நாடு.

2023 அக்டோபரில் காசாவில் போர் மூண்டது. நவம்பர் 19 அன்று ஏமனின் ஹூத்தி படையினர் ஹெலிகாப்டரில் இறங்கி "கேலக்சி லீடர்" என்ற கப்பலைப் பிடித்தார்கள். பிறகு ஏவுகணைகள் பறந்தன. கப்பல் கம்பெனிகள் பயந்தன. செங்கடலே வேண்டாம் என்று ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கின. ஐரோப்பா போக 10 முதல் 14 நாள் கூடுதல்!

2023இல் சூயஸ் கால்வாய் எகிப்துக்குச் சுமார் 1,025 கோடி டாலர் சம்பாதித்துத் தந்தது. 2024இல் அது சுமார் 399 கோடி டாலராக வீழ்ந்தது. 26,000க்கு மேல் போன கப்பல்கள் 13,200 ஆகக் குறைந்தன.

போர் செய்தது எகிப்து அல்ல. நட்டம் எகிப்துக்கு!

நட்டம் யார் தலையில்?

இங்கே என்ன ஆயிற்று?

பெரும்பாலான ஆர்டர்களில் கப்பல் கூலி வாங்குபவர் கணக்கு. அதனால் திருப்பூருக்கு நட்டம் இல்லை என்று தோன்றும். அப்படி அல்ல.

கோடைக்கால உடுப்பு கோடைக்கு முன் கடைக்கு வர வேண்டும். இரண்டு வாரம் தாமதம் என்றால் வாங்குபவர் விலையைக் குறைக்கச் சொல்வார். அல்லது தைக்கும் நாளைக் குறைத்து, சரக்கை முன்பே அனுப்பச் சொல்வார். முடியாவிட்டால் விமானத்தில் ஏற்ற வேண்டும். அந்தக் கூலி லாபத்தை விழுங்கிவிடும். பணம் வந்து சேரும் நாளும் தள்ளிப் போகும். நூல் வாங்கிய கடனுக்கு வட்டி நிற்காது.

கம்பெனிக்காரர் கையைக் கடிக்கும்போது முதலில் போவது ஒன்றரை ஷிப்ட். பிறகு வெளியே கொடுக்கும் ஜாப் ஒர்க். கடைசியில் சனிக்கிழமை சம்பளக் கவர் மெலிகிறது.

2021 மார்ச்சில் நடந்ததும் நினைவிருக்கும். "எவர் கிவன்" என்ற 1,300 அடி நீளக் கப்பல் கால்வாயில் குறுக்கே மாட்டிக்கொண்டது. அதில் இருந்த மாலுமிகள் 25 பேரும் இந்தியர். ஆறு நாள் வழி அடைபட்டது. சுமார் 400 கப்பல்கள் காத்துக் கிடந்தன. ஆறு நாளுக்கே அந்தப் பாடு என்றால், இரண்டு ஆண்டுத் தொல்லையை எண்ணிப் பாருங்கள்!

2025 ஜூலையில் இரண்டு கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. அக்டோபரில் காசாவில் சண்டை நிறுத்தம் வந்தது. ஆனாலும் பெரிய கப்பல் கம்பெனிகள் உடனே திரும்பிவிடவில்லை. பாதை திறந்திருப்பது வேறு, நம்பிக்கை திறப்பது வேறு.

வழிவிடும் நாடு போட்டி நாடும்கூட

எகிப்து வழி மட்டும் விடவில்லை. உடுப்பும் தைக்கிறது.

2004இல் அமெரிக்காவோடும் இஸ்ரேலோடும் எகிப்து ஓர் ஒப்பந்தம் செய்தது. குறிப்பிட்ட தொழிற்பேட்டைகளில், இஸ்ரேல் பொருளையும் ஓரளவு சேர்த்துத் தைத்த உடுப்புக்கு அமெரிக்காவில் வழக்கமான வரி கிடையாது. அதனால் அங்கே ஆயத்த ஆடைத் தொழில் வளர்ந்தது.

2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா இந்தியச் சரக்குக்குக் கூடுதல் வரியை 50 சதவீதமாக ஏற்றியபோது, எகிப்துச் சரக்குக்கு விதித்த கூடுதல் வரி 10 சதவீதம்தான். அந்த நாட்களில் திருப்பூர் தவித்தது. ஒரே சட்டைக்கு இரண்டு விலை என்றால் வாங்குபவர் எந்தப் பக்கம் சாய்வார்?

எகிப்துக்கு நீண்ட இழைப் பஞ்சு இருக்கிறது. ஐரோப்பா பக்கத்தில் இருக்கிறது. திருப்பூருக்கு நூல் முதல் பொத்தான் வரை ஒரே ஊரில் கிடைக்கிறது. பழகிய கைகள் இருக்கின்றன. போட்டி லேசானது அல்ல. இரு பக்கமும் பலம் உண்டு.

28 மேட்டூர் அணை!

எகிப்தின் மிகப் பெரிய கவலை கால்வாயும் அல்ல, வரியும் அல்ல. தண்ணீர்.

அஸ்வானுக்கு வரும் நைல் தண்ணீரில் சுமார் 85 சதவீதம் எத்தியோப்பிய மலைகளில் இருந்து வருகிறது. அந்த எத்தியோப்பியா, நீல நைலின் குறுக்கே 2011இல் ஒரு பெரிய அணை கட்டத் தொடங்கியது. 2025 செப்டம்பர் 9 அன்று திறப்பு விழா நடந்தது.

அதன் கொள்ளளவு சுமார் 2,600 டி.எம்.சி. மேட்டூர் அணை நிரம்பினால் 93.47 டி.எம்.சி. ஆக, 28 மேட்டூர் அணைகள் ஒரே இடத்தில்!

1959இல் சூடானோடு செய்த ஒப்பந்தப்படி எகிப்தின் பங்கு ஆண்டுக்குச் சுமார் 1,960 டி.எம்.சி. "அந்த ஒப்பந்தத்தில் நாங்கள் கையெழுத்துப் போடவில்லையே. எங்கள் மலையில் பெய்த மழையில் எங்களுக்கு மின்சாரம் வேண்டாமா?" என்பது எத்தியோப்பியாவின் வாதம். "எங்களுக்கு வேறு ஆறு இல்லை. மழை இல்லாத ஆண்டில் எவ்வளவு திறப்பீர்கள் என்று எழுதிக் கொடுங்கள்" என்பது எகிப்தின் வாதம்.

இரண்டிலும் நியாயம் இருக்கிறது. நல்ல மழைக் காலத்தில் இந்தச் சண்டை தெரியாது. வறட்சி வந்தால்தான் வெடிக்கும். காவிரியில் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று 2018இல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. ஒரே நாட்டுக்குள் என்பதால் தீர்ப்புச் சொல்ல ஒரு கோர்ட்டு இருக்கிறது. நைலுக்கு அப்படி ஒரு கோர்ட்டு இல்லை!

ஆற்றை அண்டிப் பிழைப்பவர்களுக்கு இன்னொரு பாடமும் உண்டு. நொய்யலில் சாயக் கழிவு ஓடியதை மேல் பகுதியினர் மறந்தாலும் கீழ்ப் பகுதி விவசாயி மறக்கவில்லை. வழக்குப் போனது. 2011 ஜனவரியில் ஐகோர்ட்டு உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. கழிவு நீரை வெளியே விடாமல் சுத்தம் செய்தால்தான் பட்டறை ஓடும் என்று ஆயிற்று. மேலே இருப்பவர் செய்வது கீழே இருப்பவர் தலையில் விடியும். நைலிலும் அதுதான், நொய்யலிலும் அதுதான்.

இனிக் கவனிக்க வேண்டியவை

பத்திரிகையில் வெளிநாட்டுப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகிறவர்கள் மூன்று பெயர்களை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

முதலாவது, பாபல் மண்டப். அங்கே அமைதி என்றால் சரக்கு நேரத்துக்குப் போகும்.

இரண்டாவது, சூயஸ். அங்கே கப்பல் எண்ணிக்கை ஏறினால் எகிப்துக்கு டாலர் வரும். ஐரோப்பாவுக்கான கப்பல் கூலியும் குறைய வழி உண்டு.

மூன்றாவது, நீல நைல் அணை. அங்கே ஒப்பந்தம் வந்தால் 10 கோடிப் பேருக்கு நிம்மதி. வராவிட்டால் செங்கடல் ஓரத்தில் இன்னொரு சண்டைக்கு விதை.

2,000 ஆண்டுக்கு முன் சாதன் என்பவன் ஆடிக் காற்று திரும்பும்வரை எகிப்துக் கரையில் காத்திருந்தான். இன்று காற்றுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கப்பலுக்கு எஞ்சின் இருக்கிறது. காத்திருப்பது அமைதிக்குத்தான்.